மூச்சு நீக்கிய ஆல்பம்

ஒலித் தூய்மை வாரியத்தின் வரவேற்பறையில் பாடகியிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, தயாரிப்பாளர் ஏன் வரவில்லை என்பதுதான்.

"நான்தாங்க தயாரிப்பாளர்" என்றாள்.

"பாடகின்னு இப்பத்தானே சொன்னீங்க?" என்றார் குமாஸ்தா.

"ரெண்டும் நான்தான். பாட்டு எழுதினது, மெட்டுப் போட்டது, பதிவு பண்ணினது எல்லாமே வீட்டுலதான். வெளியாள் யாரும் கிடையாது."

குமாஸ்தா பேனாவை மூடிக் கீழே வைத்தார். பக்கத்து மேசைக்காரரைப் பார்த்து, "சுயதயாரிப்பாம்" என்றார், ஏதோ தொற்று நோயின் பெயரைச் சொல்வதுபோல. பக்கத்து மேசைக்காரர் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் உள்ளே போய், வெகுநேரம் கழித்து ஒரு மெத்தை நாற்காலியையும் ஒரு மர முக்காலியையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"இந்த நாற்காலியில உக்காந்தா நீங்க தயாரிப்பாளர். முக்காலியில உக்காந்தா பாடகி. எதுல இருக்கீங்கன்னு பாத்துத்தான் நாங்க பேச முடியும். தயவுசெஞ்சு நிக்காதீங்க. நின்னா பார்வையாளர். பார்வையாளர் நேரம் சாயங்காலம்தான்."

அவள் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள். உடனே தேநீர் வந்தது. ஏதோ சந்தேகம் கேட்பதற்காக முக்காலிக்கு மாறினாள். தேநீரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த வாரியம் உண்டான கதையை ஊரில் எல்லோரும் சொல்வார்கள். யாரோ ஒரு அமைச்சர் கலந்துகொண்ட விழாவில் ஒலிபெருக்கி கீச்சிட்டதாம். அமைச்சர் காதைப் பொத்தினாராம். பொத்திய கை கீழே இறங்குவதற்குள் வாரியம் அமைக்கப்பட்டுவிட்டதாம். அன்றிலிருந்து வாரியத்தின் முத்திரை இல்லாத பாட்டை வானொலியில் போட முடியாது, கடையில் விற்க முடியாது, மேடையில் பாட முடியாது. குளியலறையில் பாடுவது பற்றிய விதிகள் மட்டும் இன்னும் பரிசீலனையில் இருந்தன.

அவள் பாடுவது சோல், அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த பாட்டு வகை. தொண்டையை மினுக்கிக்கொண்டு பாடுகிற சங்கதி அல்ல அது. அடிவயிற்றிலிருந்து கெஞ்சி, மன்றாடி, சில இடங்களில் சண்டைக்கே போய்ப் பாடவேண்டிய பாட்டு. ஓட்டல் கூடங்களில், சாப்பிடுகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு அவளும் அக்காவும் பாதி ஆயுள் பாடியிருந்தார்கள். தங்கை முன்னால், அக்கா அரையடி பின்னால். அக்காவுடையது உதவிக் குரல். ஆனால் ஒரு பாட்டு எப்போது தொடங்கும் என்பது அக்காவின் கையில்தான் இருந்தது, சரியாகச் சொன்னால் அக்காவின் மூச்சில். மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணித் தொடங்குவார்கள். இவர்கள் எண்ணியதே கிடையாது. அக்கா மூக்கால் ஒரு மூச்சு இழுப்பாள், கொஞ்சம் சத்தமாகவே. அந்த மூச்சு எவ்வளவு நீளமோ அதுதான் பாட்டின் வேகம். எவ்வளவு ஆழமோ அதுதான் பாட்டின் வலி. தங்கை அதன் முனையில் காலை வைத்து ஏறிக்கொள்வாள்.

பிறகு அக்காவின் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் நாள் குறித்தார். அந்த நாள் வருவதற்குள் கிடைத்த அவகாசத்தில்தான் ஆல்பம் உண்டானது. படுக்கையறை அலமாரியை விரியத் திறந்து, ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டு, மாடி வீட்டுக்காரியிடம் துணி துவைக்கும் எந்திரத்தைப் போடாதே என்று தினமும் கெஞ்சி, இரண்டு பேரும் ஒரே மைக்கின் முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பாடினார்கள். "டாக்டர் கழுத்தை அறுக்கறதுக்குள்ள முடிச்சிடுவோம்டி குட்டி" என்று அக்கா சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கும்வரை தங்கை அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை. வீட்டுக்குக் கீழே ஒரு தையல்கடை, அதில் எந்நேரமும் பாடும் வானொலி. தையல்காரரிடம் அக்கா பந்தயமே கட்டியிருந்தாள். "ஒரு நாள் என் குரல் இதுல வரும். அன்னிக்கு மட்டும் மெஷினை நிறுத்திட்டுக் கேக்கணும், ஆமா." அறுவை சிகிச்சை முடிந்து, கழுத்தில் விட்ட துளை வழியாக மூச்சுவிட்டுக்கொண்டு படுத்திருந்தபோது, கைப்பேசியில் அவள் முதன்முதலாகத் தட்டிய வாக்கியம் அதுதான். கைப்பேசி அதை வாசித்தது. எந்த ஏற்ற இறக்கமும் இல்லாத, வெள்ளை அடித்த சுவர் மாதிரியான ஒரு பெண் குரல்: "ரேடியோவுல எப்ப வரும்?"

அதற்காகத்தான் தங்கை முக்காலியிலும் நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

ஆல்பத்தைக் கேட்கும் சடங்கு பெரிய கூடத்தில் நடந்தது. தூய்மைக் குழுவினர் நீள மேசையின் இருபுறமும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பித்தளை மணி. பாட்டில் இசை அல்லாத சத்தம் எது கேட்டாலும் மணியடிக்க வேண்டும் என்பது விதி. பாட்டு ஓடத் தொடங்கியது. அக்கா மூச்சு இழுத்தாள். ஒருவர் மணியடித்தார். அந்த மணிச்சத்தம் இசை அல்லாததால் அடுத்தவர் மணியடித்தார். அதைக் கேட்டு அதற்கு அடுத்தவர். ஆல்பம் முடியும்வரை மேசை முழுவதும் மணியடித்துக்கொண்டே இருந்தது. பாட்டில் ஒரு வரிகூட யார் காதிலும் விழவில்லை. குறைகள் அளவுக்கு மீறி இருப்பதாகக் குழு ஒருமனதாக முடிவு செய்தது.

வாரியத் தலைவர் எழுந்து பேசினார். அவர் குடிநீர்க் குழாய்த் துறையில் பெரும் பெயர் எடுத்துவிட்டு இங்கே வந்தவர்.

"நான் இசை படிச்சவன் இல்ல. அதைப் பெருமையாவே சொல்லிக்கறேன். படிச்சவங்களுக்கு ரசனை வந்துடுது, ரசனை வந்தா நடுநிலை போயிடுது. இதுக்கு முன்னாடி இருந்த இடத்துல நான் என்ன செஞ்சேன்? கசிவை நிறுத்தினேன். நான் பொறுப்பேத்துக்கிட்ட அப்புறம் எங்க குழாய்ல ஒரு சொட்டு கசிஞ்சது கிடையாது. தண்ணியும் வரலைன்னு சிலர் சொன்னாங்க. அது வேற துறை. இப்ப, மூச்சுன்னா என்ன? பாட்டுல ஏற்படற கசிவு. அவ்வளவுதான்."

மேசை முழுவதும் கைதட்டியது.

பாடகி முக்காலியில் இருந்தபடியே சொன்னாள்: "சார், அது எங்கக்காவோட மூச்சு. அதைக் கேட்டுத்தான் நான் பாடவே ஆரம்பிப்பேன். அதை எடுத்துட்டா பாட்டு அந்தரத்துல நிக்கும்."

"பாடகி ஏதோ சொல்ற மாதிரி இருக்கு" என்றார் தலைவர், காலியாக இருந்த மெத்தை நாற்காலியைப் பார்த்து. "தயாரிப்பாளர் இதை முன்மொழியறாரா?"

அவள் எழுந்து நாற்காலிக்கு மாறி, அதையே திரும்பச் சொன்னாள்.

"உங்க பாடகியோட பிடிவாதத்துக்கு நீங்க இடம் கொடுக்கறீங்க" என்றார் தலைவர், வருத்தத்தோடு. "உங்களை எங்களுக்குப் பிடிச்சிருக்கு. நல்லா உழைச்சிருக்கீங்க. ஆனா அந்தம்மாவைக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

நாற்காலியில் இருந்ததால் தேநீர் வந்தது. அவள் குடித்தாள். பிற்பாடு அவளால் தன்னை மன்னிக்க முடியாமல் போனது அந்தத் தேநீருக்காகத்தான். நன்றாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து மூச்சுகளை நீக்க உட்கார்ந்தாள். முதலில் தன்னுடையவை. அதில் பெரிய வருத்தமில்லை. பிறகு அக்காவுடையவை. ஒவ்வொன்றையும் கணினித் திரையில் தேடிப் பிடித்து, ஒருமுறை கேட்டுவிட்டு வெட்டினாள். ஒன்றில் மூக்கடைப்பு, ஒன்றில் அடக்கிய சிரிப்பு. கடைசிப் பாட்டின் தொடக்கத்தில் இருந்த மூச்சு மட்டும் மிக நீளம். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவள் இழுத்த மூச்சு அது. அதை வெட்டாமல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மூச்சுதானே, குரல் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அதையும் வெட்டினாள். சமாதானம் சொல்லிக்கொள்வதில் அவள் அந்த வாரங்களில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தாள்.

அடுத்த முறை போனபோது வாரியம் குரலுக்கே வந்துவிட்டது. "உதவிக் குரலோட உரிமையாளர் நேர்ல வந்து குரல் மாதிரி தரணும்" என்றார் குமாஸ்தா.

"அவங்களுக்குக் குரலே இல்லைங்க. ஆபரேஷன் ஆகியிருக்கு."

"இல்லேன்னா இல்லைங்கறதை அவங்க வாயால சொல்லட்டும்."

அக்கா வந்தாள். இஸ்திரி போட்ட உடுப்பும், கழுத்துத் துளையை மறைத்துக் கட்டிய நீலத் துணியுமாக, நேர்முகத் தேர்வுக்கு வந்த சின்னப் பெண் மாதிரி கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குரல் நிபுணர் ஒரு கருவியை அவள் முன்னால் நீட்டி, பெயரும் ஊரும் சொல்லச் சொன்னார். அக்கா கைப்பேசியில் தட்டினாள். வெள்ளைச் சுவர்க் குரல் பேசியது: "வணக்கம். எனக்குக் குரல் இல்லை. அதனால்தான் இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறேன்."

அக்காவின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. நிபுணர் சிரிக்கவில்லை. அவர் முகம் கனிந்துவிட்டது. கருவியின் முள்ளைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"இன்னொரு தடவை" என்றார் தழுதழுத்து.

"குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா?" என்றது கைப்பேசி.

"மூச்சே இல்ல! நடுக்கம் இல்ல, கரகரப்பு இல்ல, உள்ளுக்குள்ள எதுவுமே இல்ல! இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லைம்மா. எங்க பயிற்சி எடுத்தீங்க?"

அக்காவுக்கு உயர்தரச் சான்றிதழ் வழங்கப்பட்டது. தண்ணீர் மட்டும் கடைசிவரை வரவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் அந்தச் சான்றிதழை விரித்து விரித்துப் பார்த்துச் சிரித்தாள். தையல்காரரிடம் காட்டினாள். "பாஸ் பண்ணிட்டேன். மெஷினுக்கு எண்ணெய் போட்டு வைங்க, நிறுத்த வேண்டியிருக்கும்" என்று கைப்பேசி சொன்னது.

தீர்ப்பு இரண்டு நாள் கழித்துத் தயாரிப்பாளருக்கு மட்டும் தெரிவிக்கப்பட்டது. உரிமையாளரின் தற்போதைய குரல் சான்றளிக்கப்பட்டிருக்கிறது. ஆல்பத்தில் உள்ள குரல் அதனோடு பொருந்தவில்லை. ஆகவே அது வேறு யாரோ ஒருவருடைய குரல். அதை எடுத்துவிட்டு உரிமையாளரின் சொந்தக் குரலைச் சேர்க்க வேண்டும்.

"சொந்தக் குரலா?" என்றாள் அவள், எதில் உட்கார்வது என்று தெரியாமல் நின்றபடி. "சார், அது போன் பேசுற குரல். ஆல்பத்துல பாடினதுதான் எங்கக்கா!"

"நிக்கறீங்க" என்று ஞாபகப்படுத்தினார் குமாஸ்தா.

அவள் நாற்காலியில் விழுந்தாள். தலைவர் அன்பாகவே பேசினார்: "நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறது இல்லைம்மா. இந்த வாரியம் இதுவரைக்கும் ஒரு குரலைக்கூடத் தன் கையால அழிச்சது கிடையாது. எல்லாத்தையும் தயாரிப்பாளர்களே மனமுவந்து செய்யறாங்க. உங்க விஷயத்துல இன்னும் வசதி, பாடகியோட சம்மதம் வாங்க நீங்க அலையவேண்டாம். பழைய பதிவையும் சேர்த்து அழிச்சிடுங்க. ஒரு பாட்டுக்கு ரெண்டு உண்மை இருக்கக்கூடாது. எங்க அதிகாரி வந்து பக்கத்துல இருப்பார். வானொலிக்கு நான் சொல்லிடறேன். தேநீர் எடுத்துக்குங்க."

அதிகாரி ஒரு மழைநாளில் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சோபாவின் விளிம்பில் கூச்சத்தோடு உட்கார்ந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. தனக்கும் ஒரு அக்கா இருப்பதாகச் சொன்னார். போன் குரலைக்கொண்டு உதவிப் பகுதி முழுவதையும் பாடகி ஏற்கெனவே நிரப்பி முடித்திருந்தாள். அதற்குச் சுருதி கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை, எங்கே வைத்தாலும் அங்கே நின்றது. பாக்கி இருந்தது மூலப் பதிவை அழிக்கிற வேலை மட்டும்.

சமையலறையில் அக்கா வந்தவருக்காகப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். ரேடியோக்காரர் வந்திருக்கிறார் என்று தங்கை அவளிடம் சொல்லியிருந்தாள். பொய்தான். இந்த ஊரில் முத்திரை இல்லாத பாட்டு பெட்டியில் பூட்டிய பாட்டு என்று அவளுக்குத் தெரியும். குரல் மாறினாலும் அக்காவின் பெயராவது காற்றில் வரட்டுமே என்று நினைத்தாள். தெருவுக்கெல்லாம் சொல்லிவைத்துவிட்டுக் காத்திருக்கிறவளிடம் வராது என்று சொல்லத் தைரியம் இல்லை என்பதும் உண்மை. எப்படிச் சொன்னாலும் அது கோழைத்தனம்தான்.

திரை "அழிக்கவா?" என்று கேட்டது. அவள் அழுத்தினாள். திரை "உறுதியாகவா?" என்று மறுபடி கேட்டது. அந்த வீட்டிலும் அந்த வாரியத்திலும் அப்படி ஒரு வார்த்தை கேட்டது அந்த எந்திரம் ஒன்றுதான். அதையும் அழுத்தினாள். அக்கா தேநீரோடு வந்து, அதிகாரியைப் பார்த்து முகம் நிறையப் புன்னகைத்தாள்.

அந்த ஆண்டின் தூய ஆல்பம் விருது அதற்குத்தான் கிடைத்தது. விழாவை வானொலி நேரடியாக ஒலிபரப்பும், பாட்டு முதன்முதலாகக் காற்றில் வருவதும் அப்போதுதான் என்றார்கள். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அக்கா இரண்டாவது வரிசையில் அதே நீலத் துணியோடு இருந்தாள். மேடையில் மெத்தை நாற்காலியும் முக்காலியும் இருந்தன. விருது நாற்காலிக்கு. பாடகி முக்காலிக்குப் பக்கத்தில் நின்று உதட்டை அசைத்தால் போதும் என்றும், உண்மையாகப் பாடிவிட வேண்டாம், மேடைக்காற்றில் மூச்சு கலந்துவிடும் என்றும் ஒத்திகையில் பலமுறை எச்சரித்திருந்தார்கள்.

தலைவர் விருதை அவள் கையில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார். "ஒருத்தர் எழுதி, ஒருத்தர் பாடி, ஒருத்தர் பதிவு பண்ணி, இத்தனை பேர் கைபட்டும் இந்த ஆல்பத்துல மனுஷச் சத்தம் ஒண்ணுகூட இல்லைங்கறதை வாரியம் பெருமையோட உறுதி செய்யுது. ஒரு சொட்டு கசியலை!"

அரங்கம் ஆரவாரித்தது. கடைசிப் பாட்டைப் போட்டார்கள்.

துடைத்த மேசை மாதிரி சுத்தமாக இருந்தது தொடக்கம். எதுவுமே கேட்கவில்லை. அப்போது இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு மூச்சு கேட்டது. மூக்கால் இழுத்ததல்ல. கழுத்துத் துளை வழியாக, நீலத் துணியை உள்ளிழுத்துக்கொண்டு வந்த கரடுமுரடான, நீளமான மூச்சு. வெட்டிய இடத்தில், வெட்டிய அளவுக்குச் சரியாக இருந்தது. அக்கா வேண்டுமென்று செய்யவில்லை. தன் இடம் வந்தது, இழுத்தாள். அதன் முனையில் பாட்டு தொடங்கியது.

மனிதர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டு உதவிக் குரலின் இடத்துக்கு வந்தது. ஒலிபெருக்கியில் வெள்ளைச் சுவர் பாடிற்று.

அக்கா முதலில் புன்னகை மாறாமல்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தலையைச் சாய்த்தாள். பிறகு மடியில் இருந்த தன் கைப்பேசியைக் குனிந்து பார்த்தாள், அது தானாகப் பேசத் தொடங்கிவிட்டதோ என்று. அது அணைந்து கிடந்தது. அக்கா நிமிர்ந்து மேடையைப் பார்த்தாள். தங்கையைத்தான் பார்த்தாள். அடுத்த அடி வந்தபோது அவளுக்குத் திரும்பவும் மூச்சு வந்தது, அதை அடக்க முடியவில்லை.

"யாரோ சத்தம் போடறாங்க" என்றார் தலைவர் மைக்கில். "நேரடி ஒலிபரப்பு நடக்குது. கசிவை நிறுத்துங்கப்பா!"

காவலர்கள் இரண்டு பக்கமும் வந்து, மரியாதையாகத்தான், அக்காவின் முழங்கைகளைப் பிடித்து எழுப்பினார்கள். பாடகி உதட்டசைப்பதை நிறுத்தினாள். விருதை முக்காலியின் மேல் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி, இருக்கைகளுக்கு நடுவே ஓடினாள். "விடுங்க அவங்களை, அவங்க பாட்டு அது!" என்று கத்தினாள். யார் காதிலும் விழவில்லை, ஏனென்றால் ஒலிபெருக்கியில் அவளுடைய குரலே பிசிறில்லாமல் பாடிக்கொண்டிருந்தது. யாரும் அவளைத் தடுக்கவுமில்லை. எல்லோருடைய கண்களும் மேடையில் இருந்தன. அங்கே நாற்காலியும் முக்காலியும் விருதும் மட்டும் இருந்தன, பாட்டு குறையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் பத்திரிகைகள், பாடகியின் மேடைத் தோற்றத்தில் அலட்டலே இல்லை என்று பாராட்டி எழுதின.

வெளியே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் காவலர்கள் அக்காவை விட்டுவிட்டுப் போனார்கள். நழுவிய நீலத் துணியைத் தங்கை சரியாகக் கட்டிவிட்டாள்.

"அக்கா, பழைய பதிவு..." என்றாள். "எங்கிட்ட இல்லக்கா. நானே அழிச்சிட்டேன். நம்ம பாட்டு ரேடியோவுல வரணும்னுதான்."

அக்கா அழுவாள் என்று தங்கை நினைத்தாள், அல்லது ஒரு அறை விடுவாள் என்று. அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அரங்கத்தின் சுவரைத் தாண்டிப் பாட்டின் கடைசி அடிகள் வந்துகொண்டிருந்தன, தங்கையும் வெள்ளைச் சுவரும் சேர்ந்து பாடுகிற இடம். கீழே கடையில் மெஷினை நிறுத்திவிட்டுத் தையல்காரரும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். அக்கா காதை அந்தப் பக்கம் திருப்பி, கவனமாகவே கேட்டாள். பிறகு கைப்பேசியை எடுத்து மெதுவாகத் தட்டினாள்.

உள்ளே பாடிக்கொண்டிருந்த அதே குரல் வெளியேயும் பேசியது.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் பாடறாங்க. யாரு அவங்க?"